வாயாடி மாப்பிள்ளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இலங்கை மலைநாட்டு நானுஓயா ஸ்டேஷன் கரிக்கொட்டகையில் வேலை பார்த்தவர்களில் மிச்சமிருக்கிற நாங்கள் எங்கே சந்தித்துக்கொண்டாலும், பேச்சு கடைசியில் அந்த வட்டகொடைப் பயணத்தில்தான் வந்து நிற்கும். என்னைக் கிண்டல் பண்ண அவர்களுக்கு வேறு கதை கிடையாது.

வேகனில் வரும் கரியைக் கூடையில் அள்ளி இஞ்சினுக்கு ஏற்றுவது எங்கள் வேலை. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் ஒரே முகமாகிவிடும். பெற்ற தாய் வந்தாலும் பல்லைப் பார்த்துத்தான் பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டும். போர்மன் ஒருவனைத் திட்டக் கூப்பிட்டால் இன்னொருவன் போய் வாங்கிக்கொண்டு வருவான். அதற்கு முறை வைத்திருந்தோம்.

எங்களில் ஒருவனுக்குப் பேச்சு திக்கும். தாய் தகப்பன் இல்லாதவன். வேலையில் புலி, வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். அதனாலேயே இரண்டு இடத்தில் பெண் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாக வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் அமைந்தது. இதுவும் போனால் இனி பெண் பார்க்கவே போவதில்லை என்றான். எனக்கு அவன்மேல் உயிர். எப்படியாவது முடித்துவைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பெண் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, பெண்ணின் தகப்பனார் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்து கொட்டகை வாசலில் நின்றார்.

"ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வர்ற தம்பி யாருங்க?"

கரிக்குள்ளேயே அவன் முகம் வெளுத்தது எனக்குத் தெரிந்தது. சட்டென்று முன்னால் போய் நின்றேன்.

"நான்தானுங்க மாமா!"

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? கள்ளு வாசமே எனக்கு ஆகாது என்றேன். இஞ்சின் டிரைவர் என்னைக் கேட்டுத்தான் வண்டியை எடுப்பார் என்றேன். துரையே தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைப்பார் என்றபோது, பின்னால் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். மாப்பிள்ளைக்காரனோ பயத்தில் தலை நிமிராமல் என் பங்குக் கரியையும் சேர்த்து அள்ளிக்கொண்டிருந்தான். பெரியவர் வெற்றிலையை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க தம்பி" என்று போனார்.

ஞாயிற்றுக்கிழமை சவுக்காரம் கரையக் கரையக் குளித்துவிட்டு நான்கு பேர் வட்டகொடையில் இறங்கினோம். மாப்பிள்ளை கழுத்தில் என் மப்ளர். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்வதாக ஏற்பாடு. என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் நானும் வாய் திறக்கக்கூடாது. மற்ற இருவரும்தான் பேச வேண்டும்.

தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பெரியவர் கையைப் பிசைந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தச் சம்பந்தம் வேணாங்க. அன்னைக்கி வந்து மாப்பிள்ளையப் பாத்தேன். அந்த வாய்க்கிட்ட எம்பொண்ணு குப்ப கொட்ட முடியாது."

அவன் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கலாங்களா? அன்னைக்கி ஒருத்தரு தல நிமிராம கரி அள்ளிக்கிட்டே இருந்தாரு. அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

எங்கள் ஆள் மப்ளரைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தான்.

"அ... அ... அது நா... நான்தானுங்க மாமா."

பெரியவர் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "நிதானமாச் சொல்லுங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல." உள்ளே பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அப்புறம் எங்கள் மூவரையும் ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கிப் பேசுனது யாரு?"

மற்ற இருவரும் என்னையே பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"நா... நா..."