நூற்று எண்பத்தாறில் நின்ற கருவி

என் மேசை இழுப்பறையில், உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்புக் கருவி ஒன்று கிடக்கிறது. எண்ணுவதற்கானது. கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினால் ஓர் எண் கூடும். பக்கத்துத் திருகைச் சுற்றினால் பூஜ்யத்துக்குத் திரும்பும். ஆறு ஆண்டுகளாக நான் அதைச் சுற்றவில்லை. இன்று காலைவரை அதில் நின்ற நூற்று எண்பத்தாறு என்னுடைய எண் அல்ல, உதவிப் பொறியாளர் அம்மாவினுடையது.

ஒன்றிய அலுவலகத்தில் முப்பத்துமூன்று ஆண்டு ஓவர்சீயராக இருந்தேன். ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கத்துச் சாலைகளில் எத்தனை லாரி, எத்தனை கம்பெனி பஸ் என்று எண்ணியவன் நான்தான். அந்த அம்மா வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். பெண்களின் தேவையைப் பார்த்தே இனித் திட்டம் போட வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. நான் அதைக் கோப்பில் கோத்து வைத்தேன். அவரோ, வல்லம் வடகால் கிளைச் சாலையை அகலப்படுத்த நான் போட்டிருந்த திட்டத்தைப் புரட்டிவிட்டு, "சார், லாரியெல்லாம் எண்ணிருக்கீங்க. ஷிப்டுக்கு நடந்து போற பொம்பளைங்கள எந்தக் கட்டத்துல எழுதினீங்க?" என்றார். படிவத்தில் அப்படியொரு கட்டமே இல்லை. ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஒரு கட்டம் வரைந்தார். என் கருவியையே இரவல் வாங்கிப் போய், காலை ஷிப்டுக்கு நடப்பவர்களை எண்ணி வந்தார். முப்பத்துமூன்று ஆண்டில் எனக்குத் தோன்றாத கோடு அது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டித்தான் சொல்லியிருப்பார் என்று மறுநாள் நானே போய் நின்று, தாளில் கோடு கோடாகப் போட்டேன். லாரி வரும்போதெல்லாம் பெண்கள் சேற்றில் இறங்கி ஒதுங்கினார்கள். ஒருத்தி கேட்டாள்: "இன்னா பெருசு, நேத்து அந்தம்மா எண்ணிச்சி, இன்னிக்கி நீயா? எண்ணிக்கினே கீறீங்க, நடக்க வழி எப்போ வுடுவீங்க?" நிறைமாதக்காரி ஒருத்தி, "என்னை ரெண்டா போட்டுக்கோ தாத்தா" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். அவளை ஒன்றாகவே போட்டேன். அப்படியும் நூற்றுத் தொண்ணூற்று மூன்று வந்தது, அவருடைய கணக்கைவிட ஏழு கூடுதலாக.

அந்த ஆண்டு நிதி ஒரு வேலைக்குத்தான் இருந்தது. என் அகலச் சாலையா, அவருடைய நடைபாதையும் விளக்குமா? கூட்டத்தில் பி.டி.ஓ. என்னைக் கேட்டார்: "நீங்க சீனியர். இந்தக் கணக்க நம்பலாமா?" என் தாள் சட்டைப் பையில் இருந்தது. "கருவி பழசு சார். ஒரு தடவ அழுத்தினா ரெண்டு ஓடும்" என்றேன். ஒருநாளும் அது இரண்டு ஓடியதில்லை. அந்த அம்மா வாதாடவில்லை. "சாரோட கருவி. சாருக்குத்தான் தெரியும்" என்று அதை என் முன்னால் வைத்தார். சாலை அகலமானது, லாரிகள் இன்னும் வேகமாக ஓடின. அவர் மாற்றலாகிப் போனார். பின்னால் வந்தவர், அவர் பென்சில் கட்டம் போட்ட படிவத்தைத் தேடியெடுத்து நடைபாதை போட, இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது.

முழங்கால் வலியோடு நானும் இப்போது அதில்தான் நடக்கிறேன். என் அகலச் சாலையில் கால் வைக்க எனக்கே பயம். பெண்கள் அதை "அந்தம்மா போட்ட பாதை" என்கிறார்கள். அது ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கிறது. இன்று காலை பொறுக்காமல், போட்டது அவர் இல்லை என்று திருத்தினேன். "தெரியும் தாத்தா. எங்கள எண்ணினது அவங்கதான?" என்றாள் ஒருத்தி. நானும் எண்ணினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எண்ணி என்ன செய்தாய் என்று கேட்பாளே.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். கருவியை எடுத்து ஏழு முறை அழுத்தினேன். ஏழுதான் ஏறியது.