புல்வெட்டி வண்டிக்குச் சிவப்பு அட்டை

எங்கள் விளையாட்டு மைதானத்தில் மெக்கானிக் அக்காவுக்கு முதுகுக்குப் பின்னால் ‘தொல்லை’ என்று பேர். சேர்ந்த முதல் வாரமே வாங்கிவிட்ட பேர் அது. ஆள் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிகள் எங்களிடம் இரண்டு. அதில் ஒன்றையாவது ஏதாவது குறை சொல்லி நிறுத்திவைத்து, சாவியில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவார்.

நான் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவள். என் குழாய்கள் கிடக்கும் கொட்டகையில்தான் வண்டிகளும் நிற்கும். காலையில் அவர் செய்வதையெல்லாம் பார்ப்பேன். ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பார். அப்புறம் டயரில் காற்று, பெல்ட்டில் வெடிப்பு. பிளேடைத் தொடுவதற்கு முன்னால், இன்ஜின் தானாகக் கிளம்பிவிடாதபடி பிளக் ஒயரைக் கழற்றிவிடுவார். கழன்றுதான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை இழுத்தும் பார்ப்பார். கடைசியில் வண்டியைக் கிளப்பி, பிளேடைச் சுற்றவிட்டு, சீட்டிலிருந்து மெல்ல எழுந்திருப்பார். ஆள் எழுந்தால் இன்ஜின் அணைய வேண்டும். அதற்கு சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு.

“ஏன்க்கா, நேத்துதானே பார்த்தீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நேத்து பார்த்தது நேத்தைக்கு.”

நாலு மாதம் பழகிய பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, அவராகவே சொன்னார். “இந்த வண்டியில ஒருத்தனுக்குப் பாதி பாதம் போச்சுன்னு சொல்லுவாங்களே, அவன் என் தம்பி.”

சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

அந்த சீட் சுவிட்ச் பழசாகி, மேடுபள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் இன்ஜின் அணைந்திருக்கிறது. வேலை தாமதமாகிறது என்று, இப்போதும் இருக்கிற இதே சூப்பர்வைசர் ஒரு துண்டு ஒயரைப் போட்டு அதை ஏமாற்றிவைத்தார். அதன் பிறகு சீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். தம்பிக்கு அது தெரியாது. சரிவில் சக்கரம் கல்லில் ஏறி அவர் தூக்கியெறியப்பட்டபோது வண்டி நிற்கவில்லை. சரிந்து அவர் மேலேயே வந்தது. விசாரணைக்கு ஆள் வருவதற்குள் ஒயர் காணாமல் போயிற்று. ஓட்டியவரின் அலட்சியம் என்று எழுதிக் கதையை முடித்துவிட்டார்கள். தம்பி இப்போது ஒரு தையல் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறார்.

“நான் இங்க வேலை பார்க்க வரல. அந்தாளு மறுபடி அதையே செய்வான். செய்யறப்போ பக்கத்துல இருக்கணும்னு வந்தேன்.”

“அதுக்குத்தான் தினமும் அட்டையா?”

“பொய்யா ஒண்ணுகூட மாட்டல. உள்ள குறையைத்தான் சொல்றேன். நேரம் நெருக்கினா அவன் புத்தி எங்க போகும்னு எனக்குத் தெரியும்.”

போட்டிக்கு முந்தைய நாள் அது நடந்தது. இரண்டு நாள் மழை. புல் கணுக்கால் உயரம். ஒரு வண்டி பெல்ட் அறுந்து கிடந்தது. இன்னொன்றில் சீட் சுவிட்ச் தேய்ந்துவிட்டதென்று அக்கா அட்டை கட்டியிருந்தார். புதுசு மறுநாள்தான் வரும்.

“உன் அட்டையை நீயே வச்சுக்க. நானே ஓட்டிக்கிறேன்” என்று சூப்பர்வைசர் அதைப் பிய்த்தெறிந்தார். சீட்டைத் தூக்கினார். உள்ளே கையை விட்டு என்னமோ செய்துவிட்டு, ஏறி வண்டியைக் கிளப்பினார். அக்கா திரும்பி நடந்தார். கொட்டகைக்குப் பின்னால் போய், மைதானத்தை நடத்தும் சங்கத்தின் செயலாளருக்குப் போன் போட்டார். “சார், உடனே மைதானத்துக்கு வாங்க.”

செயலாளர் வருவதற்குள் ஈரப்புல் போய், வெட்டிய புல் வெளியே விழும் வண்டியின் வாயை அடைத்துக்கொண்டது. சூப்பர்வைசர் இறங்கினார். இன்ஜின் அணையவில்லை. பிளேடு சுற்றுகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் அடைப்பை ஷூ காலால் எட்டி உதைத்தார்.

“அக்கா!” என்று கத்தினேன். திரும்பி வந்திருந்த அக்கா, வண்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பசித்தவர் இலையைப் பார்க்கிற மாதிரி. இரண்டாவது உதை. மூன்றாவதற்குக் கால் உயர்ந்தபோதுதான் பாய்ந்து போய்ச் சாவியைத் திருகினார்.

செயலாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அக்கா சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒயர் பளபளவென்று இருந்தது. தான் யாருடைய அக்கா என்று அப்போதுதான் சொன்னார். 

“என்ன இருந்தாலும் காப்பாத்திட்டீங்களேக்கா” என்றேன் அன்றைக்குச் சாயங்காலம்.

“காப்பாத்தினேனா? கால் போயிருந்தா ஊரே அவனைப் பாவம்னு சொல்லியிருக்கும். அந்தப் பாவம் அவனுக்குக் கிடைக்கக் கூடாது.”

பழைய விசாரணையை மறுபடி எடுத்தார்கள். சூப்பர்வைசருக்கு வேலை போயிற்று. தம்பிக்கு இழப்பீடு தரவும் முடிவானது. ஆனால் அக்கா அதோடு விடவில்லை. அந்த மனுஷன் நடந்ததைத் தன் கையால் எழுதி, தம்பி முன்னால் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். செயலாளர் அறையில் தண்ணீர் கொண்டுபோய் வைக்கிற சாக்கில் நானும் நின்றிருந்தேன்.

சூப்பர்வைசர் படித்தார். ‘ஒயர் போட்டது நான்தான்’ என்கிற இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கேக்கல. சத்தமா” என்றார் அக்கா.

மறுபடி படித்தார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, “போதும்க்கா, வா போலாம்” என்றார்.

“உனக்குப் போதும். எனக்கு இன்னொரு தடவை வேணும்.”

யாரும் தடுக்கவில்லை. சூப்பர்வைசர் காகிதத்தைத் திருப்பி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.