மருதாணியின் மேல் போட்ட பழி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. வந்திருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் தங்கையின் வணக்கம். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் சிரித்த இடங்களை அவள் விட்டுவிட்டாள், நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது பனவடலிசத்திரத்தில். அப்பா போனபோது வீட்டில் மிஞ்சியது ஒரு மாடும், அதைவிட அதிகமாகத் தின்கிற நானும்தான். அண்ணன் சங்கரன்கோவில் போய்த் தரைக்கல் பதிக்கும் வேலை கற்றார். என்னை ஒருநாளும் பட்டினி போட்டதில்லை. அதை மறந்தால் நான் மனுஷியில்லை.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம், பருத்தி வியாபாரி ஒருவர் வீட்டுப் பட்டாசாலைக் கூடத்தில் அண்ணன் வெள்ளைச் சலவைக்கல் பதித்தார். வேலையை மெச்சிய வீட்டார், தங்கை உண்டா என்று கேட்டார்கள். கல்லுக்குப் பின்னால் நானும் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் நடுக்கல்லில் செம்பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. புதுப்பெண் என் காலிலோ மருதாணி. மாமியாருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“ஏட்டி, ஈர மருதாணியோட நடந்தியா?”

“இல்ல அத்தை.”

“அப்போ கல்லு தானா வச்சுக்கிட்டுதோ?”

பித்தளைப் பானைக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்த்தார். சலவைக்கல்லுக்குப் புளி ஆகாது. பளபளப்புப் போயிற்று, கறை போகவில்லை. அண்ணனை வரச் சொன்னார்கள்.

அண்ணன் குனிந்து நகத்தால் சுரண்டினார். தண்ணீர் தெளித்து முகர்ந்து பார்த்தார். நான் தூணோரம் நின்றேன். அண்ணன் வந்துவிட்டார், இனி என்ன பயம் என்று நினைத்தேன்.

“மருதாணிதான் அத்தை” என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

களிமண்ணைக் குழைத்துக் கறைமேல் அப்பி, காய்ந்ததும் எடுத்தார். கொஞ்சம் வெளுத்தது. அடுத்த மழையில் திரும்பி வந்தது. நான் மருதாணியையே விட்டுவிட்டேன். கறை என்னை விடவில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான அண்ணன் வீட்டுக்கு வந்தேன். நான் இல்லாத வீட்டில் கறை தாம்பாளம் அளவுக்குப் பரந்துவிட்டது. மாமியார் அண்ணனைக் கூப்பிட்டு விட்டார்.

“ஏய்யா, அவ உங்க வீட்டுல புள்ள பெத்துக் கெடக்கா. கால மட்டும் இங்கன அனுப்பி வைக்கியளோ? கல்லப் பேத்து எடும்.”

பெயர்த்தார். கல் ஆடாமலிருக்க அண்ணனே அடியில் கொடுத்திருந்த இரும்புப் பட்டை துருவேறிக் கிடந்தது. ஈரம் பட்டபோதெல்லாம் அந்தத் துரு கல்லில் ஊறி மேலே வந்திருக்கிறது.

மாமியார் மறுநாளே வண்டி கட்டி வந்து நடந்ததைச் சொன்னார். “மன்னிச்சிரு மக்கா, வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு அண்ணனிடம் கேட்டேன்.

“பாத்த அன்னிக்கே தெரியுமாண்ணே?”

“துரு வாடை எனக்குத் தெரியாதாக்கும்?”

“பெறகு ஏன் சொல்லல?”

“எம் பேரு கெட்டா ஒருத்தனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான். உன்னைய வீட்ட விட்டா வெரட்டிறப் போறாவ?”

கடைசி நாட்களில் நான்தான் கஞ்சி ஊட்டினேன். ஒரு வார்த்தை வரும் என்று அவர் வாயையே பார்த்திருந்தேன். உப்புப் போதாது என்றார்.

அவரைக் குளிப்பாட்டிப் படுக்கை மாற்றிய அவர் மருமகளுக்கும், கூடவே இருந்த அண்டை வீட்டாருக்கும் நன்றி. முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட என் மாமியாருக்கும் நன்றி. ஏமாந்தவர் அவர், மன்னிப்புக் கேட்டவரும் அவர்தான். அண்ணன் கேட்டிருந்தால் அதை மனசிலிருந்து அன்றைக்கே விட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை, நானும் விடவில்லை.