அப்பா கொடுத்த கேஸ்

கிரான்பர்னில் ஆரணி இருக்கும் தெருவில் ஏதாவது காணாமல் போனால், பொலிசுக்குப் போன் பண்ண முதல் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு விக்னராஜா அங்கிளின் குப்பைவாளி யார் வீட்டு வாசலுக்குப் போனது, அவருடைய எலுமிச்சங்காய்களை யார் தோல் உரித்துத் தின்கிறார்கள் என்பதையெல்லாம் ஆறாம் வகுப்புப் படிக்கும் இந்தச் சின்ன ஆள்தான் கண்டுபிடித்தாள். எலுமிச்சங்காய்க் கள்ளன் இரவில் மரமேறும் பொசம் என்ற விலங்குதான் என்று அவள் நிரூபித்த அன்று, முன்வீட்டுக்காரரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த அங்கிள் அசடு வழியப் போய் மன்னிப்புக் கேட்டார்.

யாராவது ஒரு கேஸ் கொண்டுவந்தால் அவளுடைய கேள்விகள் தொடங்கிவிடும். கடைசியாக எப்ப கண்டனீங்கள்? பக்கத்தில ஆர் நிண்டது? அதுக்குப் பிறகு வீட்டில என்ன மாறினது? பதில் சொல்லிக் களைத்து, தொலைந்த பொருளே வேண்டாம் என்று எழுந்து போனவர்களும் உண்டு.

எல்லாம் நூலகத்துப் புத்தகங்களால் வந்தது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமம், அதில் ஒரு கெட்டிக்காரச் சிறுமி, அவள் அவிழ்க்கும் மர்மங்கள். இந்தக் கதைகள் என்றால் ஆரணிக்கு உயிர். அந்தக் கிராமங்களில் கிழமைக்கு ஒரு சாவு விழும், ஆனால் யாரும் வாய்விட்டு அழுவதில்லை. சிறுமி கொலைகாரனைச் சுட்டிக்காட்டியதும் எல்லோரும் ஆறுதலாக இருந்து தேநீர் குடிப்பார்கள். உண்மை தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆரணி நம்பியதில் என்ன பிழை?

அவளுடைய அப்பா மயூரதன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அவள் பிறக்க முன்னரே அகதியாகப் படகில் வந்தவர். இன்னமும் முடிவு வரும்வரை கொடுக்கும் பிரிட்ஜிங் விசாதான். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. அதனால் பருத்தித்துறையில் இருக்கும் தன் தகப்பனை, ஆரணியின் அப்பப்பா இராசையாவை, அவர் பார்த்து ஆரணியின் வயதுக்கு மேலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். “எப்பயடா வாறாய்?” என்று கிழவர் கேட்பார். “விசா கிடைச்ச உடன முதல் பிளேன் ஐயா” என்று மயூரதன் சொல்வார். இருவருக்கும் அது அலுத்ததே இல்லை. அந்த மனுசனுக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசையும் இல்லை. ஐயாவை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளாக இராசையா போனுக்கு வரவில்லை. ஐயா படுத்திட்டார், கோயிலுக்குப் போட்டார், காது சரியாகக் கேட்குதில்லை என்று மயூரதனின் தம்பி சுஜீதன் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொன்னான். வீடியோவில் வரச் சொன்னால் நெட் சரியில்லை என்றான். மயூரதனும் நம்பினார். நம்பத்தான் அவருக்கு விருப்பம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், சுஜீதனின் மகள் தர்ஷனாவுக்கு ஆரணி டேப்லட்டில் வீடியோக் கோல் எடுத்தாள். இருவருக்கும் ஒரே வயது. அங்கே நெட் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அங்கே அப்போதுதான் மத்தியானம். தர்ஷனா சாப்பாட்டை மடியில் வைத்திருந்தாள். சோறு, பருப்பு, பூசணிக்காய்.

“மீன் இல்லாமல் நீ சாப்பிட மாட்டியே?”

“இப்ப வீட்டில மச்சம் சமைக்கிறேல்லை” என்றாள் தர்ஷனா.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் சுஜீதன் வந்தான். தான் திரையில் தெரிவதைக் கண்டதும் சடாரென்று குனிந்தான். அதற்குள் ஆரணி பார்த்துவிட்டாள். மொட்டைத் தலை. அடர்த்தியான அந்த மீசையும் இல்லை. தகப்பன் செத்தபோது விக்னராஜா அங்கிளும் இப்படித்தான் தலையும் மீசையும் மழித்துக்கொண்டு பிறந்தநாள் வீட்டுக்கு வந்து, மட்டன் ரோல்ஸைத் தொடாமல் இருந்தார். ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டது அவளுக்கு மறக்கவில்லை.

“தர்ஷனா, அப்பப்பா எங்க?”

கோல் அறுந்தது.

அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் ஆரணி பாய்ந்தாள். “அம்மா, கண்டுபிடிச்சிட்டன்! அப்பப்பா செத்துப்போனார்!”

கேஸ் முடித்த சந்தோசம் அவள் குரலில் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அம்மா வதனி ஓடிவந்து அவளுடைய வாயைப் பொத்தினாள்.

“கத்தாத பிள்ளை. அப்பாவுக்குத் தெரியக்கூடாது.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம். சித்தப்பா அண்டைக்கே எனக்குச் சொன்னவர். அப்பாவால போகவும் ஏலாது, தாங்கவும் ஏலாது. விசா கிடைக்கட்டும், பிறகு சொல்லுவம்.”

நம்மவர்களிடம் இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது. வர முடியாத தூரத்தில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தி சொல்லமாட்டார்கள். ஊரே அழுது முடித்திருக்கும், அவன் மட்டும் நலமா என்று கேட்டுக்கொண்டிருப்பான். அன்பினால்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெற்ற தகப்பனுக்காக ஒருவன் அழுவதைத் தடுக்க இவர்கள் யார்?

ஆரணி அம்மாவின் வயிற்றில் முகம் புதைத்து அழுதாள். அப்பா வரும் சத்தம் கேட்டதும் முகம் கழுவினாள்.

மறுநாள் பின்னேரம் மயூரதன் வழக்கம்போலப் போன் எடுத்தார். ஐயா நித்திரை என்றான் சுஜீதன். போனை வைத்துவிட்டு மயூரதன் கதிரையில் சாய்ந்து மகளைப் பார்த்துச் சிரித்தார்.

“ஆரணி, உனக்கு ஒரு கேஸ். நான் எடுக்கிற நேரமெல்லாம் அப்பப்பா ஏன் நித்திரை கொள்றார்? கண்டுபிடிச்சுச் சொல்லு பாப்பம்.”

அவள் நிலத்தைப் பார்த்தாள். “அவர் வயசானவர்தானே அப்பா.”

“அவ்வளவுதானோ?”

“ம்.”

மயூரதனின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. “விக்னராஜாவின்ர குப்பைவாளிக்கு அந்தாளைப் போட்டுக் குடைஞ்சனி. என்னட்ட ஒரு கேள்வியும் கேக்கேல்லையே, பிள்ளை?”

ஆரணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அந்த வேலையைக் கொடுத்தவர்களைத்தான் திட்ட வேண்டும். மயூரதன் குசினி வாசலில் நின்ற வதனியைப் பார்த்தார். வதனி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் திரும்பவும் போனை எடுத்தார். ஸ்பீக்கரையும் போட்டார்.

“சுஜீதன், இனியும் பொய் சொல்லாத. ஐயா எப்ப போனவர்?”

மறுபக்கம் சுஜீதன் விம்மினான். “போன மாசம் அண்ணா. திடீரெண்டு வருத்தம் கூடினது. உங்களை ஏன் பயப்பிடுத்துவான் எண்டு...”

“நான் இஞ்ச பார்ட்டிக்குப் போனனானடா. இறைச்சி திண்டனான். சிரிச்சுக் கதைச்சனான்.” பிறகு மயூரதன் சின்னப் பிள்ளையைப் போலக் கேட்டார். “கடைசியா என்னைக் கேட்டவரோ?”

“கேட்டுக்கொண்டே இருந்தவர். கண் தெரியேல்லை அவருக்கு. பாக்கப் பொறுக்கேலாமல், அண்ணா வந்திட்டார் ஐயா எண்டு சொல்லி என்ர கையைக் குடுத்தன். நீங்கள் எண்டுதான் பிடிச்சுக்கொண்டிருந்தவர்.”

“என்ன சொன்னவர்?”

“‘சாப்பிட்டியோ ராசா’ எண்டு கேட்டவர்.”

மறுமுனையில் இருப்பது தம்பிதான் என்று மயூரதனுக்குத் தெரியும். ஆனாலும் போனை வாயோடு நெருக்கிப் பிடித்து, “ஓம் ஐயா, சாப்பிட்டன்” என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. ஆரணி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் அழுது முடிக்கும்வரை விடவில்லை.