உச்சிவேளை வெள்ளைக்காரி

எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. போன வாரம் மதியம், எங்கள் மாடியில் எங்கோ 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. சற்றுக் கழித்து இன்னொன்று. புகை அலாரத்தில் பேட்டரி தீர்ந்துவருகிறது என்று பக்கத்து மேசைக்காரர் சலித்துக்கொண்டார். எனக்கோ அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தூக்கம் வந்தது. அதற்குக் காரணம் ஒரு பேய்.

இதே நகரத்தில், லின்ஃபீல்டில் நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டில் அது இருந்தது. வெள்ளைக்காரப் பேய். இரவில் யாரையும் தொந்தரவு செய்யாது, உச்சிப்பொழுதில்தான் வரும்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, எனக்குத் தலை வாரி, எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டுப் படுப்பாள். எல்லோருக்கும் என்பதில் சித்தப்பாவும் அடக்கம். அப்பாவின் தம்பி, ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு நெட்வொர்க்கிங் படிக்க வந்தவர். ரூம் கிடைக்கும்வரை என்று சொல்லி எங்கள் ஹாலில் படுத்தார். கோடை போய் மழைக்காலம் வந்தது, ரூம் கிடைக்கவில்லை. பிறகு அவருடைய வகுப்புத் தோழர்கள் இருவரும் அதே ஹாலுக்கு வந்து சேர்ந்தார்கள். "ஊர்ப் பசங்க, எங்க போவாங்க?" என்பார் அப்பா. அவர் பகல் முழுவதும் ஒடாஹுஹுவில் ஒரு கிடங்கில் வேலையில் இருந்தார்.

பள்ளி விடுமுறையில் அந்த வீட்டில் நான் கேட்ட சத்தங்களை இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும்: கிரிக்கெட், கிரிக்கெட்டைப் பற்றிய சண்டை, மிக்ஸி, ஊருக்குப் போன், ஒவ்வொரு தாளிப்புக்கும் கூரையிலிருந்து கத்தும் புகை அலாரம். அது கத்தியதும் சித்தப்பா துண்டை எடுத்து விசிறுவார். அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பாள்.

"சாரி அண்ணி."

"பரவால்ல தம்பி."

அதற்குமேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை. எனக்கானால் சித்தப்பாவை மிகவும் பிடிக்கும். இரண்டு காதுகளையும் தனித்தனியாக அசைக்கத் தெரிந்தவர் அவர்.

அந்தச் சமயத்தில் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்திருந்தேன். பழைய காலத்து அமெரிக்கக் கிராமங்களில் குடியானவர்கள் நம்பிய பேய்களைப் பற்றியது. பேய்களைவிட நடைமுறைகள் எனக்குப் பிடித்திருந்தன. வீட்டில் ஒருவர் இறந்தால் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். கண்ணாடியைத் துணியால் மூட வேண்டும். தேனீக்களிடம் போய்ச் செய்தியைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவை கோபித்துக்கொண்டு போய்விடும்.

தலை வாரும்போது அதிலிருந்து ஒரு கதையை அம்மாவுக்குச் சொன்னேன். ஒரு பண்ணைக்காரனின் மனைவி. பால் கறந்து, வெண்ணெய் கடைந்து, நூல் நூற்று, ஒருநாளும் ஓய்வில்லாமல் செத்துப்போனாள். செத்த பிறகுதான் தூங்கினாள். நண்பகலில் யாராவது சத்தம் போட்டால் எழுந்து வந்துவிடுவாள்.

சீப்பு நின்றது. "வந்து என்ன பண்ணுவா?"

"நத்திங். சும்மா நின்னு பார்ப்பா."

"அது போதும்," என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரசத்தை ஊற்றியபடியே சொன்னாள்: "இந்த இடமெல்லாம் முன்னாடி பண்ணையாம். பண்ணைக்காரி ஒருத்தி மத்தியானத் தூக்கத்துலயே போய்ட்டாளாம். இன்னும் இங்கதான் இருக்காளாம். சத்தம் கேட்டா ஆகாதாம். பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியைத் தவிர வேறெதைப் பற்றியும் எங்களிடம் பேசியதில்லை.

"வரட்டும் அண்ணி, இங்கிலீஷ்ல பேசிப் பழகிக்கறேன்," என்றார் சித்தப்பா. அப்பாவுக்குப் புரையேறியது.

மறுநாள் மதியம் முதல்முறையாக 'கீச்' கேட்டது.

ஊரில் கூரையில் மின்விசிறியை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள் மூவரும். அலாரம் கத்தும் என்று தெரியும். முனகும் என்று தெரியாது. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள். லேப்டாப்பை அணைத்தார்கள். தேடிப் போனால் நின்றுவிடும், திரும்பி வந்து உட்கார்ந்தால் 'கீச்'.

"உச்சி வெயில்ல பேய் நடமாடும்னு எங்க அத்தை சொல்லும்டா," என்றார் தோழர்களில் ஒருவர்.

"இங்க வெயிலே இல்லையேடா!"

"அதான்டா, தைரியமா வருது."

வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. கீச் நிற்கவில்லை. வெள்ளைக்காரிக்கு எலுமிச்சை என்ன புரியும் என்று சித்தப்பா யோசித்தார். செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பதுதானே வழக்கம்? அதனால் ஜன்னல் விளிம்பில் ஒரு கோப்பைப் பால் டீயும், தட்டில் இஞ்சி பிஸ்கட்டும் வைத்துக் கும்பிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது பிஸ்கட் இல்லை. மைனா தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன், சொன்னேன், யாரும் நம்பவில்லை.

அந்த வாரக் கடைசியில் மூவருக்கும் ஒடாஹுஹுவில் ரூம் கிடைத்துவிட்டது.

"கிளாசுக்குப் பக்கம் அண்ணி, அதான்," என்றார் சித்தப்பா, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். அம்மா சாம்பார்ப் பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். நான் அழுதேன். அவர் காதை அசைத்துக் காட்டினார், ஒரு காதை மட்டும். "பயந்தாங்கொள்ளிப் பசங்க," என்று அப்பா நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்மா நாற்காலி போட்டு ஏறிக் கூரையில் என்னவோ செய்தாள். தூசி தட்டுகிறாள் என்று நினைத்தேன். கீச் நின்றது. பேயும் சித்தப்பாவோடு போய்விட்டது என்று முடிவு செய்தேன். அலாரத்தின் பேட்டரி தானாகத்தான் தீர்ந்ததா என்று அம்மாவிடம் நான் இன்றுவரை கேட்டதில்லை.

அன்று மதியம் அம்மா படுத்தாள். மழை விட்டிருந்தது. எனக்குப் பசித்தபோது போய்க் கூப்பிட்டேன். இரண்டாவது 'அம்மா'வுக்குள் எழுந்துவிடுகிறவள் அசையவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். காலைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மா அப்படிப் படுத்து நான் பார்த்ததே இல்லை.

நான் அழவில்லை. முதலில் வேலைகளை முடிக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதன் பேட்டரியை எடுத்தேன். அவள் அறைக் கண்ணாடிமேல் குளியல் துண்டைப் போட்டு மூடினேன். பிறகு செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். ரோஸ்மேரிப் புதரில் ஒரே ஒரு தேனீ இருந்தது. அதற்குத் தமிழ் தெரிந்திருக்காது.

"எக்ஸ்கியூஸ் மீ," என்றேன். "மை மம் இஸ் டெட்." அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

"யார்கிட்டடி பேசிட்டிருக்க?"

கதவருகே அம்மா நின்றாள். முடி கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே போய்க் கடிகாரத்தையும் துண்டையும் பார்த்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தாள்.

"செத்துட்டேன்னா நெனச்ச?"

"கூப்பிட்டேன், நீ எழுந்துக்கவே இல்ல."

"காலைத் தொட்டியா?"

"தொட்டேன்."

"அப்பவும் முழிக்கலையா?"

தலையாட்டினேன். அம்மாவின் முகம், பள்ளி மேடையில் பரிசு வாங்கப் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவர்களின் முகம் போல ஆகிவிட்டது. எனக்குக் கோபமாக வந்தது. ஒரே வாரத்தில் சித்தப்பா போய், அம்மாவும் போய்த் திரும்பியிருக்கிறாள். இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம் சொல்லு," என்றாள். "எவ்வளவு சத்தமா கூப்பிட்ட?"