இருபதாவது பெயர்

சோலைமலை மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, உள்ளே போட்டோமா என்ற சந்தேகத்தில் மறுபடி கிழிப்பார். இலங்கை மலையகத்து அட்டன் கடைவீதியில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் நடந்த எங்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு அவர்தான் கிளாக்கர்; எழுத்து வேலையெல்லாம் அவர் கையில். நான் அங்கே கணக்குப் பாடம் எடுத்தேன். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அந்த லயத்திலேயே முதன்முதலாகப் பேனா பிடித்துச் சம்பளம் வாங்கியவர் அவர். அது கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் தூக்கத்திலும் விடாது.

1957இல் கொழும்புக் கல்வித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கீகாரம் வேண்டுமானால் கல்லூரி மூன்றாண்டுத் திட்டம் எழுதித் தர வேண்டும். பிறப்புச் சான்றிதழோடு பெயர் ஒத்துப்போகும் இருபது மாணவராவது இடாப்பில், அதாவது மாணவர் பதிவேட்டில், இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார். அங்கீகாரம் இல்லையென்றால் எங்கள் பிள்ளைகள் படித்த படிப்பை எந்தத் தோட்டப் பள்ளிக்கூடமும் மதிக்காது. எங்களிடம் இருந்ததே சரியாக இருபது பேர்.

அதிபர் நாகலிங்கம் சொல்லச் சொல்ல, சோலைமலை திட்டத்தைத் தட்டச்சு செய்தார். நூலகம், விடுதி எல்லாம் கட்டி முடித்தார்கள், காகிதத்தில்! புதன்கிழமை சோலைமலை என் மேசைக்கு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர், நான் கெட்டேன். நம்ம கணேசமூர்த்தி பேரு சான்றிதழ்ல மூக்கன்னு இருக்குங்க. நாந்தான் இடாப்புல மாத்தி எழுதுனேன். வாத்தியாரா போறவனுக்கு மூக்கன்னு பேரிருந்தா புள்ளைங்க சிரிக்காதுங்களா? சேர வந்த அன்னைக்கே நல்ல பேரா வச்சேன்."

"பேர் வைக்க நீங்க யாரு? பெத்தவங்களா?" என்று கத்திவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அன்றும் மறுநாளும் அந்த மனுஷன் சோறு தின்னவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் தானே போய் அதிபரிடம் சொன்னார். அதிபர் திட்டியது கீழே புடவைக் கடைவரை கேட்டது. இடாப்பில் கணேசமூர்த்தியை வெட்டி, மூக்கன் என்று எழுதி, பக்கத்தில் சோலைமலையைக் கையெழுத்துப் போடவைத்தார். ஆனால் அந்த இளைஞனிடம் யார் சொல்வது? எட்டு மாதமாகக் கூடப் படிக்கும் பெண்கள் 'கணேசமூர்த்தி அண்ணே' என்று கூப்பிட்டவன். நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க என்று கடைசியில் ஒருவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி திட்டத்தைப் புரட்டிவிட்டு, இடாப்பை வாசிக்கச் சொல்லிச் சோலைமலையிடமே நீட்டினார். பெயர் கேட்டதும் ஒவ்வொருவராகப் பத்தொன்பது பேர் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள்.

"மூக்கன்."

ஒருவரும் எழவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கணேசமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரி பேனா மூடியைத் திறந்தார். ஐயோ, எழுந்திருடா!

"மூக்கன்..." சோலைமலையின் குரல் உடைந்தது. "தம்பி, தப்பு எம்மேலதான்பா."

அவன் எழுந்தான். "வந்திருக்கேங்க." பிறகு சிரிப்பு வந்த பக்கம் திரும்பினான். "எங்கம்மாவுக்கு நாலு புள்ளைங்க தங்கல. அஞ்சாவதா நான் பொறந்ததும், எமன் கண்ணுல படக்கூடாதுன்னு மூக்குக் குத்தி வச்ச பேருங்க இது. கிளாக்கரய்யா ஆசையா வேற பேரு எழுதுனப்ப, வேணாம்னு சொல்ல எனக்குத்தான் வாய் வரல."

"இருபது," என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

சோலைமலை இடாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் விம்மி அழுதார்.