லூர்து அக்கா ஏன் சிரிக்கவில்லை

ஏனாத்தூர் போகும் பேருந்தில், மடியில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். லூர்து அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா பூட்டாங்கம்மா. மார் வலிக்குதுன்னாங்க, ஆட்டோ வர்றதுக்குள்ளயே..." பெட்டியில் பிள்ளைகளின் எச்சில் குழாய்கள். ஐஸ் கரைவதற்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். இறங்கவில்லை. இறங்கி அழத் தெம்பும் இல்லை.

உத்திரமேரூர் பக்கத்துப் பள்ளிகளில் எங்கள் வேலை இதுதான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பிள்ளைகளின் உடம்பு எவ்வளவு பதறுகிறது என்று அளப்பது. பேச்சுக்கு முன்பும் பின்பும் எச்சில் எடுப்போம். பதற்றம் அதில் தெரிந்துவிடும். எதிரே உட்கார்ந்து கேட்பவர் சிரிக்கக் கூடாது, தலையாட்டவும் கூடாது. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற லூர்து அக்காவுக்குத்தான் அந்த நாற்காலி வாய்த்தது. உட்கார்ந்துவிட்டால் சுவர் மாதிரி இருப்பார்.

ஒருநாள் மளிகைக் கடையில், அவர் முன்னால் பேசிய பள்ளிப் பெண் ஒருத்தி அவரைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒதுங்கினாள். "இன்னாடி ஆச்சு?" என்றார் அம்மா. "அந்த அக்கா என்னையே மொறச்சிக்கினு இருந்தாங்கம்மா." அக்கா எதுவும் வாங்காமல் வெளியே வந்துவிட்டார். திரும்பும் பேருந்தில் வழியெல்லாம், அந்தப் பெண் அன்று ஏரியைப் பற்றிப் பேசியதை ஒரு வரி விடாமல் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "இன்னாமா பேசுச்சு தெரியுமா! கை தட்டணும்னு அப்டி இருந்துச்சி."

அதே பிள்ளைகளை மறுபடி அளக்க வேண்டும். அதுவரை, அக்கா சிரிக்காதது வேலைக்காகத்தான் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. மழை, தேர்வு, ஆள் மாற்றம் என்று மறுசுற்று தள்ளிக்கொண்டே போனது. "எப்பம்மா சொல்லலாம்? அதுங்க கண்ணுக்கு நான் பேயாட்டம் கீறேன். முடியட்டும், வூடு வூடா போய் சொல்லிட்டு வர்றேன்." கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்தது, பதில் சொல்லி எனக்கும் அலுத்தது.

அடக்கத்தன்று பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கம் வராமலே போனார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பிள்ளைகள் மேல் இல்லை.

பிள்ளைகளே, பேருந்தில் அவர் பேசிக் காட்டிய உங்கள் பேச்சுகள் எல்லாம் அவர் குரலிலேயே என் நினைவில் இருக்கின்றன. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். இதை எழுதினால் மறுசுற்று கெட்டுப்போகும் என்பார்கள். போகட்டும். சிரிக்கக் கூடாதென்று அவரைக் கட்டிப்போட்டது நாங்கள். நீங்கள் பேசியது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.